சிறுகோள்களின் இடம் அளந்தோர்: நுங்கம்பாக்கம் முதல் காவலூர் வரை

கூடலூர் கிழார் ஓர் இரவில் விண்ணிலிருந்து மீனொன்று எரிந்து விழக் கண்டார். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு நேரவிருக்கும் கேட்டின் அறிகுறியாக அதனைக் கொண்டு அஞ்சினார். அஞ்சியவாறே ஏழாம் நாள் மன்னன் மறைந்தான். புறநானூற்றின் 229ஆம் பாடல் கூறும் செய்தி இது. நிமித்தத்தை நம்புவதும் நம்பாமையும் அவரவர் உளப்பாங்கு. ஆயின் அப்பாடலின் முற்பகுதியை ஒரு வானியலார் படிப்பாரேல் வியந்து நிற்பார். மீன் விழுந்ததைச் சொல்லுமுன் புலவர் திங்களைச் சொல்கிறார். அத்திங்களின் எப்பகுதி என்பதைச் சொல்கிறார். எந்த மீன் உச்சியினின்று சாய்ந்தது, எது எழுந்தது, எது மறையும் நிலையில் இருந்தது என நிரல்படக் கூறுகிறார். ஓடும் ஒன்றன் இடத்தை நிலைத்து நிற்பனவற்றைக் கொண்டு குறிக்கும் முறை அது.

சிறுகோள்களின் இடத்தை அளக்கும் கலையும் அடிப்படையில் இதுவே. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் பெரும்பாலும் சுற்றித் திரியும் பாறைத் துண்டுகளே சிறுகோள்கள். தொலைநோக்கியில் அவை விண்மீன் போன்ற வெறும் புள்ளிகள். ஒரு புள்ளி மட்டும் இரவுக்கிரவு இடம் பெயர்கிறது. பெயர்ந்ததைக் காண்பது ஒரு செயல். எவ்வளவு பெயர்ந்தது என்பதை ஐயமற அளந்து எழுதி வைப்பது மற்றொரு செயல். வரலாறு கண்டவரைப் போற்றுகிறது. அளந்தவரை எளிதில் மறந்துவிடுகிறது. அளக்கப்படாத கண்டுபிடிப்பு மீண்டும் தொலைந்து போகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டு வானமே சான்று கூறுகிறது. அச்சான்றினை வட்டத்து அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விகலை என்னும் அளவு

வான்வட்டத்தை 360 பாகைகளாகப் பகுத்தனர். பாகையில் அறுபதில் ஒரு கூறு கலை. கலையில் அறுபதில் ஒரு கூறு விகலை. நம் பஞ்சாங்கக் கணியர் கையாண்ட சொற்களே இவை. முழுநிலவின் அகலம் ஏறத்தாழ 31 கலை. விகலை என்பது எத்துணைச் சிறியது? விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் இருப்புப்பாதை வழியே ஏறக்குறைய 37 கிலோமீட்டர். இங்கிருந்து நோக்க, அங்கே ஒருவர் விரித்துப் பிடித்த கையின் ஒரு சாண் அகலம் கண்ணில் விரிக்கும் கோணமே ஏறத்தாழ ஒரு விகலை. அந்தச் சாணைப் பிழையின்றி அளப்பவனே சிறுகோளின் இடத்தை அளக்கத் தகுதி பெற்றவன்.

இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. புவி சுழல்வதால் வானம் ஒரு விநாடி நேரத்தில் 15 விகலை நகர்கிறது. விண்மீன் ஒன்று உச்சிவட்டத்தைக் கடக்கும் நேரத்தைக் கொண்டு அதன் இடத்தைக் குறிப்போரின் கடிகாரம் ஒரே ஒரு விநாடி பிழைத்தால், இடம் 15 விகலை பிழைத்துவிடும். சிறுகோளோ விண்மீன்களுக்கிடையே தானும் நகர்கிறது. எதிர்நிலையில் உள்ள சிறுகோள் நாளொன்றுக்கு முழுநிலவின் அகலத்தில் பாதியளவு செல்லும். இரண்டு நிமிடத்தில் ஒரு விகலைக்கும் சற்று மிகுதியாக நகர்ந்துவிடும். எனவே எங்கே என்ற வினாவுடன் எப்போது என்ற வினாவும் இணைபிரியாமல் வருகிறது. கூடலூர் கிழார் காலத்தை முதலிற் சொன்னதன் பொருத்தத்தை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

புதுச்சேரியில் ஒரு மேகம்

பதினெட்டாம் நூற்றாண்டில் வானியலாரை வாட்டிய பெருவினா, கதிரவன் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது. வெள்ளிக்கோள் கதிரவனின் முகத்தைக் கடந்து செல்லும் அரிய நிகழ்ச்சியைப் புவியின் பல இடங்களிலிருந்து அளந்தால் விடை கிடைக்கும் என்று கண்டனர். அதற்காகப் பிரான்சு நாட்டிலிருந்து 1760இல் புறப்பட்டவர் லெ ஜெந்தீல். அவர் நாடி வந்த இடம், விழுப்புரத்திற்குக் கிழக்கே கூப்பிடு தொலைவு எனத்தக்க புதுச்சேரி. அவர் வருமுன் ஆங்கிலேயர் கை ஓங்கிவிட்டது, கப்பல் திரும்பியது. 1761 சூன் 6ஆம் நாள் வெள்ளியின் கடப்பை அவர் நடுக்கடலில் கண்டார். வானம் தெளிவாகவே இருந்தது. ஆயினும் ஆடும் கப்பலில் தம் இடத்தையும் நேரத்தையும் உறுதி செய்ய இயலாமையால் அந்தக் காட்சி கணக்கிற்கு உதவவில்லை.

அடுத்த கடப்புக்கு எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்து கிடந்த ஆளுநர் மாளிகையின் மீது தம் ஆய்வகத்தை அமைத்துக்கொண்டார். 1769 சூன் 4ஆம் நாள் காலை, உரிய நேரத்தில் மேகம் திரண்டு கதிரவனை மூடியது. நிகழ்ச்சி முடிந்தபின் விலகியது. அவர் ஊர் திரும்பியபோது இறந்தவராகக் கருதப்பட்டு, அறிவியற் கழகத்தில் அவர் இடமும் பிறருக்கு அளிக்கப்பட்டிருந்தது.

புதுச்சேரியில் அவர் வீணே இருந்துவிடவில்லை. தமிழ்க் கணியர் ஒருவரை அடுத்து நம் நாட்டுக் கணிப்பு முறையைக் கற்றார். அக்கணியர் எழுதுகோல் தொடவில்லை. சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த செய்யுள்களின் துணைகொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்தார். 1765 ஆகத்து 30ஆம் நாள் நிகழ்ந்த கிரகணத்தின் கால அளவு அம்முறையில் 41 விநாடி குறைந்தது. அக்கால ஐரோப்பாவின் மிகச் சிறந்தனவாகிய டோபியாஸ் மேயரின் அட்டவணைகள் தந்ததோ 68 விநாடி மிகுந்தது. லெ ஜெந்தீலே தம் பயண நூலில் இதனை நடுநிலையோடு பதிவு செய்தார். கோள்களின் கணக்கைப் பாவில் பொதிந்து நெஞ்சில் சுமந்த அந்த மனிதர், பா இயற்றும் நமக்கு முன்னோர் முறையினர் அல்லரோ?

நுங்கம்பாக்கத்துக் கல்தூண்

ஆடும் தளத்தில் நின்று வானை அளக்க முடியாது. நடுக்கடல் தந்த இந்தப் பாடம், சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகத்தின் நடுவே கல்லாக நின்றது. வில்லியம் பெட்ரி என்பார் 1786இல் தம் சொந்த ஆர்வத்தால் தொடங்கிய கூடத்தைக் கிழக்கிந்தியக் கும்பினி ஏற்று, மைக்கேல் டாப்பிங்கின் திட்டப்படி கட்டிய கட்டடம் அது. கருவியைத் தாங்கப் பத்து டன் எடையுள்ள ஒற்றைக் கருங்கல் தூணை நட்டனர். அத்தூணில் தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளில் கல்வெட்டு உண்டு. கட்டடம் மறைந்த பின்னும், இன்றைய வானிலை ஆய்வு மைய வளாகத்தில் தூண் நிற்கிறது.

இங்கே முதலில் விண்மீன்களை அளந்தனர். தாமஸ் கிளான்வில் டெய்லர் 1844இல் முடித்த சென்னைப் பட்டியலில் 11,015 விண்மீன்களின் இடங்கள் உள்ளன. இதனால் சிறுகோளுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். திக்குத் தெரியாத ஊரில் ஒரு வீட்டை அடையாளம் சொல்ல அருகிலுள்ள கோயிலையும் குளத்தையும் சொல்வது போல, சிறுகோளின் இடத்தைச் சொல்ல அருகிலுள்ள விண்மீன்களின் இடம் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். பட்டியலில் உள்ள பிழை அப்படியே சிறுகோளின் மீதும் ஏறும். ஆகவே பெயர் பெறாத விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் அளந்தவர்களின் உழைப்பே பின்னாளில் பெயர் பெற்ற ஒவ்வொரு சிறுகோளுக்கும் கடைக்கால் ஆயிற்று.

அவ்வுழைப்பு நம் ஊர்ப் பக்கமும் எட்டியது. விண்மீன்கள் உச்சிவட்டத்தைக் கடக்கும் நேரத்தைக் கொண்டு நுங்கம்பாக்கத்தில் கடிகாரத்தைத் திருத்தினர். அதுவே சென்னை நேரம். 1906இல் இந்தியப் பொது நேரம் வரும்வரை நாட்டின் இருப்புப்பாதைகளெங்கும் வழங்கிய நேரமும் அதுவே. புதுச்சேரிக்குக் கிளைப்பாதை பிரிந்த 1879 முதல் சந்திப்பாக விளங்கும் நம் விழுப்புரத்தில் வண்டிகள் வந்துபோனதும், திண்டிவனத்தில் பயணிகள் காத்திருந்ததும், யாரோ சிலர் முன்னிரவில் அளந்த விண்மீன்களின் கணக்கில்தான்.

சாப்போ

1861இல் சென்னை வானாய்வகத்தின் தலைமையை ஏற்க நார்மன் ராபர்ட் போக்சன் வந்து சேர்ந்தார். விண்மீன்களின் ஒளிர்வைத் தரப்படுத்த இன்றும் உலகம் கையாளும் அளவுகோலை 1856இல் முன்மொழிந்தவர் அவரே. வந்த சில திங்களில், 1861 ஏப்பிரல் 17 அன்று, புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டார். வரிசையில் அது 67ஆவது. ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதல் கண்ட சிறுகோள் ஆதலின் அதற்கு ஆசியா என்றே பெயரிட்டனர். தொடர்ந்து 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா, 1885இல் வேரா ஆகியனவும் சென்னையில் அவர் கண்ணில் பட்டன.

இவற்றுக்கிடையே 1864 மே 2 அன்று அவர் கண்டது 80ஆம் சிறுகோள். அதற்குக் கிரேக்க நாட்டுப் பழம்பெரும் பெண்பாற் புலவர் சாப்போவின் பெயர் வாய்த்தது. கவிஞர் வட்டத்தின் மலரில் இதனைக் குறிப்பிடாமல் செல்ல மனம் ஒப்பவில்லை. ஔவையும் வெள்ளிவீதியும் பாடிய நாட்டின் வானில், கடல் கடந்த ஒரு பெண்புலவரின் பெயர் தாங்கிய கோள் முதன்முதல் கணக்கில் ஏறியது. அக்கோளை இன்னும் சற்று நேரத்தில் மீண்டும் சந்திப்போம்.

அந்நாளில் ஒளிப்படம் இத்துறைக்கு வந்து சேரவில்லை. வானப் படத்தை மேசையில் விரித்து, தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் படத்தோடு ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி தென்பட்டால், நுண்ணளவியின் மெல்லிய இழைகளை அப்புள்ளியின் மீதும் பக்கத்து விண்மீனின் மீதும் பொருத்தி இடைவெளியை அளக்க வேண்டும். மறுநாளும் அளக்க வேண்டும். பிறகு காற்றுமண்டலம் ஒளியை வளைத்ததற்கும் புவியின் இயக்கத்திற்கும் திருத்தம் செய்து எண்களாக வடிக்க வேண்டும். ஒரு நள்ளிரவின் சில நிமிட நோக்கு, பகலில் பல மணி நேரக் கணக்காக விரியும்.

அந்தக் கணக்கையும் நோக்கையும் சுமந்தவர்களுள் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் முதன்மையானவர். வானாய்வகத்தின் முதல் உதவியாளராக விளங்கியவர். உச்சிவட்டக் கருவியில் விண்மீன்களை அளந்து வருகையில், 1867இல், வலைவடிவ மண்டலத்து மீன் ஒன்று ஒளி மாறும் தன்மையது எனக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினரானார். 1874இல் நிகழவிருந்த வெள்ளியின் கடப்பைப் பொதுமக்களுக்கு விளக்கி அவர் எழுதிய சிறு நூல் இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவந்தது. 1880இல் மறைந்தார். போக்சனின் மகள் ஐசிஸ், 1873 முதல் கணக்கராக மாதம் 150 ரூபாய் ஊதியத்தில் கால் நூற்றாண்டு உழைத்தார். 1886இல் அவரை அரச வானியற் கழகத்திற்கு முன்மொழிந்தபோது, பெண் என்பதால் அம்முயற்சி கைகூடவில்லை. 1920இல்தான் அக்கழகம் அவருக்குக் கதவு திறந்தது.

இரண்டு விடியல்கள்

அளவின் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி 1872இல் வந்தது. சிறுகோளன்று, வால்மீன் ஒன்றைப் பற்றியது அது; எனினும் இரண்டிற்கும் கணக்கு ஒன்றே. பீலா என்னும் வால்மீன் முன்னரே இரண்டாகப் பிளந்து காணாமற் போயிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 27 இரவில் விண்ணிலிருந்து எரிகற்கள் மழையாகப் பொழிந்தன. வால்மீன் புவியை உரசிச் சென்றது. தென்வானில் இன்ன விண்மீனருகே தேடுக என்று ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்து கிளிங்கர்பியூஸ் என்பார் போக்சனுக்குத் தந்தி அடித்தார்.

சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலம். நம் மாவட்டத்தாருக்குக் கார்த்திகை வானத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மேகம் விலகக் காத்திருந்த போக்சன் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு விடியலில் அவ்விடத்தருகே வால்மீன் ஒன்றைக் கண்டு அதன் இடத்தை அளந்தார். மறுநாள் விடியலிலும் அளந்தார். பிறகு மேகம் மூடியது. மூன்றாம் முறை அது கிடைக்கவில்லை. உலகில் வேறு எவரும் அதனைக் காணவுமில்லை.

ஒரு கோளின் சுற்றுப்பாதையை அறுதியிட ஆறு எண்கள் வேண்டும். ஒருமுறை இடத்தை அளந்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். ஆகவே குறைந்தது மூன்று முறை அளத்தல் வேண்டும். இரண்டு விடியல்கள் தந்தவை நான்கே எண்கள். பீலாவாக அது இருக்க இயலாது என்பது பின்வந்த கணக்கர் பலரின் கருத்து. அப்படியாயின் அது எது, எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று சொல்ல இன்றுவரை வழியில்லை. ஈற்றடி கிடைக்காத வெண்பாவாக அது நூல்களில் நிற்கிறது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியையும் நினைவுகூர்தல் நன்று. 1801 சனவரி முதல் நாள் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாட்சி கண்ட சீரிஸ் என்பதே முதற் சிறுகோள். அவர் 41 நாட்கள் அதனைப் பின்தொடர்ந்து அளந்தார். அதற்குள் அது கதிரவன் ஒளியில் மறைந்தது. அவர் விட்டுச்சென்ற அளவுகளை எடுத்துக்கொண்டு, 24 வயது இளைஞராகிய காஸ் என்னும் கணித மேதை புதிய முறையில் பாதையை வகுத்தார். அவ்வாண்டின் கடைசி நாளன்று, அவர் சொன்ன இடத்தருகே சீரிஸ் மீண்டும் கிடைத்தது. பலெர்மோவில் இருந்தது போதிய அளவு; சென்னையில் இல்லாமற் போனது மூன்றாவது அளவு. திறமையில் குறைவில்லை, வானம் இடம் கொடுக்கவில்லை.

கதிரவனின் தொலைவு

இனிச் சாப்போவிடம் மீள்வோம். வெள்ளியின் கடப்பைக் கொண்டு கதிரவனின் தொலைவைக் காணும் முயற்சி, 1769இலும் அதன்பின் 1874, 1882 ஆண்டுகளிலும், முழு நிறைவு தரவில்லை. வெள்ளி ஒரு வட்டத் தட்டாகத் தெரிவதால், கதிரவனின் விளிம்பை அது தொடும் நொடியைத் துல்லியமாகக் குறிக்க முடியாமல் நோக்குவோர் திணறினர். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் பணிபுரிந்த டேவிட் கில் வேறொரு வழி கண்டார். சிறுகோள் விண்மீன் போலவே ஒரு புள்ளி. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே அளப்பதில் விளிம்பைப் பற்றிய குழப்பமில்லை. புவிக்கு அருகில் வரும் சிறுகோளை, உலகின் வடபாலிருந்தும் தென்பாலிருந்தும் ஒரே காலத்தில் அளந்தால், பின்னணி விண்மீன்களுக்கிடையே அது சற்றே இடம் மாறித் தோன்றும். அந்த மாற்றத்தைக் கொண்டு அதன் தொலைவையும், அதன் வழியே கதிரவனின் தொலைவையும் காணலாம்.

1888, 1889 ஆண்டுகளில் கில்லும், ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களில் அவர்தம் கூட்டாளிகளும் இவ்வாறு அளந்த சிறுகோள்கள் மூன்று: ஐரிஸ், விக்டோரியா, சாப்போ. சென்னையில் பிறந்த பெயர், கதிரவனை அளக்கும் கோலாயிற்று.

கிடைத்த விடை 8.80 விகலை. கதிரவனிலிருந்து நோக்கினால் புவியின் அரைவிட்டம் விரிக்கும் கோணம் அது. முன் சொன்ன உவமையில் கூறுவதாயின், விழுப்புரத்திலிருந்து நோக்கும்போது திண்டிவனத்தில் நிற்கும் ஓர் ஆளின் உயரம். இதன்படி கதிரவனின் தொலைவு 14 கோடியே 95 இலட்சம் கிலோமீட்டர். இன்று நாம் கொண்டுள்ள மதிப்பு அதனினும் ஏறத்தாழ ஓர் இலட்சம் கிலோமீட்டரே மிகுதி. 1896இல் பாரிசில் கூடிய வானியலார் 8.80ஐ உலகப் பொது மதிப்பாக ஏற்றனர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதுவே வழக்கில் இருந்தது. லெ ஜெந்தீல் புதுச்சேரியில் இழந்த விடையை, அதே கடற்கரையில் வடக்கே கண்ட ஒரு புள்ளியின் துணையால் உலகம் பெற்றது எனலாம்.

போக்சன் 1891இல் சென்னையிலேயே காலமானார். முப்பதாண்டு நோக்குகளில் பெரும்பகுதி அச்சேறாமல் கிடந்தது. பின்வந்த மிச்சி ஸ்மித் அவற்றை முறைப்படுத்தி நூல்களாக வெளியிட்டார். ஏட்டில் உறங்கிய எண்களை எழுப்பிய அந்தப் பணியும் அளத்தலின் ஒரு கூறே. 1899இல் கொடைக்கானல் ஆய்வகம் தலையெடுக்க, நுங்கம்பாக்கத்தின் விண்மீன் பணி முடிவுற்றது.

காவலூர்

போக்சன் வேராவைக் கண்ட 1885க்குப் பின், இந்திய மண்ணிலிருந்து அடுத்த சிறுகோள் கிடைக்க 103 ஆண்டுகள் சென்றன. இடம், நம் பகுதியிலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியே மேற்கே சென்றால் எதிர்ப்படும் சவ்வாது மலையில் உள்ள காவலூர். சந்தன மரங்களும் பழங்குடி மக்களின் சிற்றூர்களும் சூழ்ந்த அம்மலையில், கடல் மட்டத்திற்கு 725 மீட்டர் உயரத்தில், 1960களின் பிற்பகுதியில் வைணு பாப்பு ஆய்வகத்தைத் தொடங்கினார். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பதைக் கண்ட இடங்களுள் காவலூரும் ஒன்று. 1982இல் பாப்பு மறைந்தார். 1986இல் நாட்டுக்கு அளிக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் ஆய்வகமும் அவர் பெயரைத் தாங்குகின்றன.

சிறுகோளைத் தந்தது அந்தப் பெரிய கருவியன்று. 45 சென்டிமீட்டர் அளவுள்ள ஷ்மிட் தொலைநோக்கி. வானத்தின் பரந்த பகுதியை ஒரே ஒளிப்படத்தில் அடக்குவது அதன் சிறப்பு. ஆர். ராஜமோகன் தலைமையில் கல்கி என்னும் பெயரில் தேடுதல் திட்டம் ஒன்று நடந்தது. ஒரே வானப்பகுதியை வெவ்வேறு நேரங்களில் படம் எடுத்து ஒப்பிட்டு, நகர்ந்த புள்ளியைத் தேடினர். 1988 பிப்ரவரி 17 அன்று எடுத்த படத்தில் அது கிடைத்தது. பிற நாடுகளின் நோக்குகளோடும் சேர்த்துப் பாதை உறுதியான பின்னரே சிறுகோளுக்கு நிலையான எண் வழங்குவது உலக வழக்கு. எண் 4130 கிடைத்தது. ஈரோட்டில் பிறந்து எண்களோடு வாழ்ந்து 32 வயதில் மறைந்த இராமானுசன் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அவர் பிறந்த நூற்றாண்டு நிறைவை அடுத்து அமைந்த பெயர் அது.

முதலில் அளவு, பிறகு எண், கடைசியில் பெயர். இவ்வரிசையில் உள்ள அறம் எண்ணத்தக்கது. பெயர் வைக்க விரும்புவோர் ஆயிரவர். பெயரைத் தாங்கி நிற்கும் பொருள் அடுத்த ஆண்டும் அதே கணக்கில் வந்து நிற்கும் என்று உறுதி கூறக்கூடியவர் சிலரே. 1911இல் வியன்னாவில் பலிசா கண்டு ஆல்பர்ட் எனப் பெயரும் பெற்ற 719ஆம் சிறுகோள், போதிய அளவு இன்மையால் 2000ஆம் ஆண்டுவரை காணாமற்போயிருந்தது. பெயர் மட்டும் 89 ஆண்டுகள் ஏட்டில் வாழ்ந்தது.

அளவே அச்சம் தீர்க்கும்

இன்று அறியப்பட்ட சிறுகோள்கள் 14 இலட்சத்திற்கும் மேல். டெய்லரின் 11,015 விண்மீன்கள் நின்ற இடத்தில், 2013இல் விண்ணில் ஏவப்பட்ட கையா என்னும் கருவி 180 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன் பட்டியலைத் தந்துள்ளது. ஒளிப்படத் தகட்டின் இடத்தை மின்னணு ஒளியுணரி பிடித்துவிட்டது. தரையில் நிற்கும் எளிய தொலைநோக்கியைக் கொண்டே பொழுதுபோக்கு ஆர்வலர் ஒருவர் விகலைக்கும் குறைந்த பிழையில் சிறுகோளின் இடத்தை அளந்து உலகக் கணக்கில் சேர்க்க முடிகிறது. சென்னையில் கண்ட சில்வியாவை இரண்டு துணைக்கோள்கள் சுற்றுகின்றன என்று 2005இல் அறிவித்தனர். இரட்டைத் துணை பெற்றதாக அறியப்பட்ட முதற் சிறுகோள் அதுவே.

ஆயினும் பழைய உண்மை மாறவில்லை. 2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று ஏறத்தாழ 60 மீட்டர் அளவுள்ள சிறுகோளைக் கண்டது. 2032 டிசம்பரில் அது புவியில் மோதக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரி 18 அளவில் நூற்றுக்கு 3.1 வரை உயர்ந்தது. விழக்கூடிய நீண்ட பட்டையில் தென்னாசியாவும் இருந்தது. உலகின் பல ஆய்வகங்கள் இரவுக்கிரவு அதன் இடத்தை அளந்தன. அளவுகள் சேரச் சேரப் பாதை குறுகித் தெளிந்தது. அந்த மாத இறுதிக்குள் புவிக்கு அதனால் இடரில்லை என்பது உறுதியாயிற்று. கல்லை எவரும் தடுக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்பதை ஐயமறச் சொன்னார்கள், அச்சம் தீர்ந்தது.

விண்ணிலிருந்து வீழும் கல்லைக் கண்டு கூடலூர் கிழார் அஞ்சியபோது அவரிடம் ஓர் இரவின் குறிப்பு மட்டுமே இருந்தது. அதனையும் அவர் எவ்வளவு செம்மையாகக் குறித்தார் என்பதே அவரை நமக்கு உரியவராக்குகிறது. அவர் வழியில் சோழி பரப்பிய புதுச்சேரிக் கணியர், உச்சிவட்டக் கருவியின் முன் இரவுகளைக் கழித்த ரகுநாதாச்சாரியார், பகலெல்லாம் கணக்கிட்ட ஐசிஸ், ஒளிப்படங்களை ஒப்பிட்ட காவலூரார் என நிரை நீள்கிறது. நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மானாட்டில், அவன் கிடங்கில் இருந்த திண்டிவனத்தருகே, பத்தாண்டுகளாகச் சொற்களைக் கூட்டியும் குறைத்தும் அளந்து வரும் நம் வட்டத்தார்க்கு அந்நிரை அயலன்று.

அன்பர்கள் ஒரு முறையேனும் மாசற்ற இரவில் செஞ்சிக் குன்றுகளின் பக்கம் சென்று அண்ணாந்து நோக்குக. சாப்போ கண்ணுக்குத் தெரியாது. மூன்றரை ஆண்டுக்கொரு முறை கதிரவனைச் சுற்றிவரும் அக்கோள் அங்கே எங்கோ இருக்கும். இன்றிரவு அது எந்த மீனருகே நிற்கிறது என்று கேட்டால் கணக்கர் விகலை பிசகாமல் விடை சொல்வர். 1864இல் சென்னையில் ஒருவர் கண்டதனால் மட்டுமன்று. கண்டதை அன்று முதல் இன்றுவரை யாரேனும் அளந்துகொண்டே இருப்பதனால்.